ஆறாவது பலகை

ஆறாயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது பைசா.

கோயஸ்ஸன் ஹாஜியின் பலசரக்குக் கடைக்கு நான் இவ்வளவு பாக்கி வைத்திருக்கிறேன் என்பது ஒரு பிணத்துக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிணம் கீழே கிடந்தது. பாக்கி மேலே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், என் பெயருக்கு நேராகத் தொங்கியது. 'பரங்கோடன், லோடு.' ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். கற்றதற்கு இதுவா பலன் என்று நினைத்தேன்.

கடையை மூடி ஆறு வருஷம். ஹாஜி போய்ச் சேர்ந்து ஐந்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜிதின் என்ற பையன் ஹாஜியின் மகன் ஷமீலிடம் கடையை வாடகைக்கு எடுத்தான். அரிசி மூட்டை அடுக்கிய இடத்தில் மண் வனையும் சக்கரம் வந்தது. பருப்பு டின் இருந்த இடத்தில் தையல் மிஷின். படம் வரைகிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு மேஜையை மாச வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தார்கள். ஹாஜியின் தராசு, எடைக்கல், மிட்டாய் ஜாடி, முன்பக்கத்துப் பலகைக் கதவு எல்லாவற்றையும் ஜிதின் அப்படியே வைத்துக்கொண்டான். பற்றுப் புத்தகத்தைக்கூட விடவில்லை. பதினோரு தாளைப் பிரித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான்.

அது எங்களுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றணுமா வேண்டாமா என்று தெரியாத இடத்துக்குள் மூட்டை தூக்குகிற லோடுமேன்கள் போவதில்லை. வாசல்படியில் உட்காருவோம். ஜிதின்தான் வெளியே வந்து எங்கள் முகத்தைக் கரியால் வரைந்து கொடுப்பான்.

இப்போது அவனுக்கே முகம் இல்லை. ஹாஜியின் ஐந்து கிலோ எடைக்கல் பக்கத்தில் கிடந்தது. விழுந்த பிறகும் எவனோ அடித்திருக்கிறான். தரையில் ரத்தம் வனைகிற மண்ணோடு குழைந்து, மிதித்தால் வழுக்கியது.

தையல் மேஜைக்காரி நீது எட்டு மணிக்கு வந்து, "பரங்கோடேட்டா, இந்தப் பலகையைக் கழட்டிக் கொடுங்களேன், இறுகிக் கிடக்கு" என்று என்னைக் கூப்பிட்டதால்தான் நான் உள்ளே போனது. போலீஸ் வந்தது. நேற்றுச் சாயந்திரம் இருட்டும் நேரத்தில் நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டு உடலையும் கல்லையும் எடுத்துக்கொண்டு போனது. பத்து நாளைக்கு முன்னால் நடுத்தெருவில் ஷமீல் ஜிதினைக் கன்னத்தில் அறைந்ததை அங்காடி முழுக்கப் பார்த்திருந்தது. எஸ்.ஐ. ஷமீலின் வீட்டுக்கு ஜீப்பை விட்டார்.

நான் சௌமினியேச்சிக்குப் போன் போட்டேன்.

ஏட்டன் என்றால் அண்ணன், ஏச்சி என்றால் அக்கா. ஏச்சி எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கோழிக்கோட்டில் கடை கடையாக ஏறிக் கள்ளத் தராசு பிடித்தார். அரசாங்க எடைக்கல் இருந்த இரும்புப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அலைந்தவன் நான். பெட்டி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அங்காடியில் ஏதாவது இடறினால் நான் கூப்பிடுவேன், அவர் வருவார்.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கேட்டார். "என்ன பார்த்தே?"

"பார்த்ததுக்குக் கூலி உண்டா?"

மூட்டையைத் தொடாமல் நின்று பார்த்தாலும் லோடுமேன் கூலி கேட்பான் என்று எங்கள் ஊரில் எங்களுக்கு ஒரு பேர்.

"கூலி அப்புறம். பார்த்ததைச் சொல்லு."

"பார்க்கல ஏச்சி. கேட்டேன். அதாவது, கேட்கல."

"காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

"டீ தவிர ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷமா காலையில ஆறு மணிக்கு இந்தப் படியிலதான் உட்காருறேன். கடல் காத்துக்கு முதுகுப் பக்கம் பலகை கடகடன்னு ஆடிக்கிட்டே இருக்கும், குளிர்ல பல்லு ஆடுற மாதிரி. இன்னிக்குச் சத்தமே இல்ல."

"ஹாஜி இருந்தப்போ?"

"அப்போ ஆடினதே இல்ல."

ஏச்சி மழைக்கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் குந்தினார். ஒன்பது பலகை. ஒவ்வொன்றின் காலிலும் உளியால் வெட்டிய கோடுகள், ஒன்று முதல் ஒன்பது வரை. மேலேயும் கீழேயும் ஓடுகிற காடியில் வரிசையாகச் செருகி, கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டால் கடை அடைத்தாயிற்று. நான் கழற்றிச் சாத்தி வைத்திருந்தேன். ஆறாவது பலகையின் கால் தேய்ந்து குட்டையாக இருந்தது. அது நிற்கிற இடத்தில் கீழ்க்காடியில் விரலை விட்டு எதையோ நெம்பி எடுத்தார்.

மஞ்சள் நிற அட்டை. பீடிக்கட்டின் மேலுறை. மூன்று மடிப்பு மடித்து, நசுங்கித் தகடாகிக் கிடந்தது.

"இதுதான் பல்லைக் கட்டினது" என்றார். "நீது, உங்கள்ல யாராச்சும் இதை வைப்பீங்களா?"

நீது அழுது வீங்கிய கண்ணோடு பார்த்தாள். "இல்ல ஆன்ட்டி. பலகை ஆடுறதே ஒரு அழகுன்னு ஜிதின் சொல்லுவான்."

"உள்ள கொன்னுட்டு, வெளிய வந்து பலகையைப் போட்டுட்டுப் போயிருக்கான். போட்டவன் கை இந்தக் கடையில பழகின கை. ஹாஜி காலத்துக் கை."

ஹாஜி காலத்துக் கை என்றால் ஷமீல்தான்.

ஏச்சி உள்ளே போனார். ரத்தத்தைச் சுற்றி நடந்து, பதினோரு சட்டத்தையும் தராசு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் தாளுக்கு முன்னால் நின்றார்.

"இவ்வளவு பாக்கியா வெச்சிருக்கே?"

"சத்தியமா இல்ல. சனிக்கிழமை கூலி வாங்கினதும் நூறு ரூபாயைக் கொடுத்துட்டுத்தான் மறு வேலை. கடை மூடின கடைசி வாரம் மட்டும்தான் கொடுக்கல."

"அப்போ ஹாஜி பொய் எழுதினாரா?"

ஹாஜி ஒரு புளியங்கொட்டை கூடுதலாக விழுந்தாலும் திருப்பி எடுக்காத மனுஷன். ஆனால் கடைசி ஒரு வருஷம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

"நீது, ஷமீல் எதுக்கு அறைஞ்சான்?"

"இந்தத் தாளுக்குத்தான். வாப்பாவோட புத்தகம் வேடிக்கைப் பொருளான்னு கேட்டான். ஆனா நாலு நாள்லயே சமாதானம் ஆயிட்டாங்க. வர ஞாயித்துக்கிழமை இந்தப் பதினோரு பேரையும் கூப்பிட்டு, பேரையும் பாக்கியையும் சத்தமா வாசிச்சு, ஷமீலே கோடு போட்டு அழிக்கறதுன்னு இருந்தது. பிரியாணிக்குக்கூட சொல்லியாச்சு."

அப்போது டீத் தூக்கோடு சாத்துக்குட்டியேட்டன் வந்தார். ஹாஜியின் கடையில் இருபத்தேழு வருஷம் எடுத்துக் கொடுக்கிற ஆளாக இருந்தவர். கடை மூடியதும் எதிர்ப்பக்கமே பெட்டிக்கடை போட்டுக்கொண்டார். அங்காடி லோடுமேன்கள் எல்லோருக்கும் டீ அவர் கையால்தான்.

"பாவம், பொன்னு மாதிரிப் பையன்" என்று கண்ணைத் துடைத்தார். "இருட்டுல ஒன்பது பலகையையும் வரிசை மாறாமப் போட வெளி ஆளால முடியுமா ஏச்சி? நான் யாரையும் சொல்லல. அந்த வீட்டு உப்பைத் தின்னவன். ஆனா அவறான்கிட்ட மனசுல பட்டதைச் சொன்னேன்."

அவறான் எங்கள் யூனியன் தலைவன். கொக்கியால் மூட்டையை இழுக்கிற வேகத்தில் யோசிப்பவன்.

"அவறான் இப்போ எங்க?" என்றார் ஏச்சி.

"குடோன்ல. ஷமீலை ஜீப் போறதுக்கு முன்னாடியே அவன் ஆளுங்க பிடிச்சுட்டாங்க."

ஏச்சி ஓடுவதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

*

குடோன் கதவைத் தள்ளியதும் கொப்பரை வாசனை. அதற்கு அடியில் ரத்த வாசனை. பதினைந்து பேர் வட்டமாக நின்றார்கள், எல்லாம் என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள். நடுவில் ஷமீலைத் தராசுச் சங்கிலியால் கட்டித் தூணோடு நிறுத்தியிருந்தார்கள். வலது கையை மூட்டைமேல் நீட்டி வைத்து உலக்கையால் இடித்திருக்கிறார்கள். விரல்கள் இருக்க வேண்டிய திசையில் இல்லை. ஒரு கண் மூடிப்போய்விட்டது.

"இந்தக் கையாலதானே கல்லைத் தூக்கினே?" அவறான் கேட்டுக்கொண்டிருந்தான். "அடுத்தது இடது கை. அப்புறம் தலை. வரிசையாப் போவோம், அவசரமில்ல."

நான் உள்ளே புகுந்தேன். எவனோ முதுகில் உதைத்தான். எழுந்தேன். இன்னொருவன் கொக்கியைப் போட்டு இழுத்ததில் தோள்பட்டை கிழிந்தது. ஷமீலின் மேல் போய் விழுந்து, அவனை மூடிக்கொண்டு நின்றேன்.

"பரங்கோடா, தள்ளு. உனக்கு என்ன இவன்?"

"இவன் வாப்பாவுக்கு ஆறாயிரத்து நானூத்திப் பதினேழரை ரூபா பாக்கி. அதைக் கொடுக்கற வரைக்கும் ஆள் உசிரோட வேணும்."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவறான் சிரிக்கவில்லை. அவன் ஓங்கிய உலக்கை என் இடுப்பில் இறங்கியது. கண்ணுக்குள் மஞ்சளாக ஒன்று வெடித்தது.

"அவறானே." ஏச்சியின் குரல் உயரவே இல்லை. "உன் அப்பன் மீன் தராசுக்கு அடியில காந்தம் வெச்சிருந்தான். நான் பிடிச்சேன். கேஸ் போட்டேனா?"

உலக்கை பாதியில் நின்றது.

"போடல" என்றான் அவறான்.

"அந்த ஒரு உபகாரத்துக்கு எனக்கு அரை மணி நேரம் கொடு. இவனைக் கடைக்குக் கொண்டு வா. பலகையைப் போடச் சொல்லு. வரிசையாப் போட்டுட்டான்னா நானே நகர்ந்துக்கறேன். நீ தலைக்குப் போ."

"போடத் தெரியலைன்னு நடிச்சா?"

"கள்ளத் தராசு நடிக்கறதை முப்பது வருஷம் பார்த்தவ நான்."

நான் ஷமீலின் காதில் கேட்டேன். "தெரியுமாடா உனக்கு?"

"என்ன தெரியணும்?" என்றான். வாயிலிருந்து ஒரு பல் என் சட்டையில் விழுந்தது.

*

கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஷமீலால் பலகையைப் பிடிக்க முடியாது. ஆகவே இரண்டு பேர் தூக்கி நிறுத்த, அவன் எது முதலில் என்று காட்ட வேண்டும்.

அவன் மூன்று கோடு போட்ட பலகையைக் காட்டினான். இடது ஓரத்துக்குப் போகச் சொன்னான். பலகை வலது ஓரத்திலிருந்துதான் ஏறும். அது காடியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"நான் கல்லாவுல உட்கார்ந்தவன்" என்றான். "பலகை பக்கம் போனா வாப்பா திட்டுவார், கணக்கைப் பாருன்னு."

"நடிக்கிறான்" என்றது கூட்டம்.

"இருக்கலாம்" என்றார் ஏச்சி. "நடிப்பா இல்லையான்னு தெரியணும்னா சரியாப் போடறது எப்படின்னு நாம பார்க்கணும். சாத்துக்குட்டி, நீ ஒரு தடவை போட்டுக் காட்டு. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்ப்போம்."

சாத்துக்குட்டியேட்டன் தூக்கைக் கீழே வைத்தார். பெரிதாகத் தயங்கவில்லை. இருபத்தேழு வருஷம் அவர் போட்டது ஊருக்கே தெரியும். தெரியாது என்று சொன்னால்தான் வினை.

வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். சொல்லக் கூடாது, பார்க்க அழகாக இருந்தது. முழங்காலால் ஒரு உந்தல், உள்ளங்கையால் ஒரு தட்டு, பலகை தானாகப் போய் உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் கோட்டைக்கூடப் பார்க்கவில்லை. நாலு, ஐந்து. முகத்தில் கொலையும் இல்லை, துக்கமும் இல்லை. கடை அடைத்து வீட்டுக்குப் போகிற மனுஷனின் முகம்.

ஆறு. கடல் காற்று அடித்தது. பலகை கடகடத்தது.

அவர் கை மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்தது. மஞ்சள் மேலுறையைக் கிழித்தது. ஒரு மடிப்பு, இரண்டு, மூன்று. குனிந்து பலகையின் காலுக்கடியில் கட்டை விரலால் அழுத்தியது. மேலே ஒரு தட்டு.

சத்தம் நின்றது.

அவர் ஏழாவது பலகையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் கூட்டம் மூச்சு விடாமல் இருப்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். சௌமினியேச்சி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதில் காலையில் எடுத்த மஞ்சள் அட்டை இருந்தது. மூன்று மடிப்பு.

"ஷமீலே, இது எதுக்குன்னு தெரியுமா?"

"என்ன அது?" என்றான் ஷமீல். அந்த ஒற்றைக் கண்ணில் இருந்த முழிப்பை எந்தக் கூத்துக்காரனாலும் கொண்டு வர முடியாது.

"ஏச்சி," என்றான் அவறான் மெதுவாக, "நேத்து சாயந்திரம் முழுக்க இவர் குடோன்ல எங்களுக்கு டீ ஊத்திக்கிட்டு இருந்தாரே."

"டீயா ஊத்தினார்?" என்றேன் நான். "கட்டன் காப்பி அல்லவா ஊத்தினார். பால் தீர்ந்துபோச்சுன்னு தூக்கை எடுத்துக்கிட்டு அந்தி மஃரிப் பாங்கு சொல்றப்போ போனவர், பாங்கு முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு வெறும் தூக்கோட வந்தார். பால் எங்கன்னு கேட்டேன், கொட்டிடுச்சுன்னார். தூக்கு உலர்ந்து கிடந்தது. ஓசிக் காப்பியாச்சேன்னு நான் வாயை மூடிக்கிட்டேன்."

"வாயை மூடற நேரம் பார்த்தியே" என்றார் ஏச்சி. பிறகு நீதுவிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை விஷயத்தை லோடுமேன்களுக்குச் சொல்லச் சொல்லி யார்கிட்ட சொன்னீங்க?"

நீது விரலை நீட்டினாள். சாத்துக்குட்டியேட்டனை நோக்கி.

எங்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பதினோரு தாள்" என்றார் ஏச்சி. "டெய்லர், வாத்தியார், போஸ்ட்மேன்னு அஞ்சு பேர் தாள்ல வாங்கினதும் இருக்கு, கொடுத்ததும் இருக்கு. லோடுமேன் ஆறு பேர் தாள்ல வாங்கினது மட்டும்தான் இருக்கு, கொடுத்ததே இல்ல. அந்த ஆறு பேருக்கும் அப்போ எழுத்து தெரியாது. தராசு தப்பா நின்னா ரெண்டு பக்கமும் தப்பாகும். ஒரே பக்கம் தப்பாச்சுன்னா, அது கை வேலை. பரங்கோடா, சனிக்கிழமை நூறு ரூபாயை ஹாஜி கையிலயா கொடுத்தே?"

"இல்ல. பின்வாசல்ல, சாத்துக்குட்டியேட்டன் கையில. சாக்குத் தூசியோட கல்லாப் பக்கம் வர வேண்டாம்னு சொல்வார்."

"நானும்" என்றான் அவறான். குரல் மாறியிருந்தது. "நானும் பின்வாசல்லதான் கொடுத்தேன்."

"ஹாஜி கேட்கும்போதெல்லாம் இவன் சொன்னது, கொடுக்கலன்னு" என்றார் ஏச்சி. "ஹாஜி எழுதினது நேர்மையாத்தான் எழுதினார். கேட்டது பொய். லோடுமேன்கள் கடையைத் தின்னுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டே கடையை மூடினார், செத்தும் போனார். ஞாயித்துக்கிழமை சத்தமா வாசிச்சிருந்தா ஆறு வாய் ஒண்ணாத் திறந்திருக்கும். அதை நிறுத்தச் சொல்லி இவன் அந்தப் பையனைக் கேட்டிருப்பான். பையன் பிரியாணிக்குச் சொல்லியாச்சுன்னு சிரிச்சிருப்பான்."

சாத்துக்குட்டியின் கையில் இன்னும் ஏழாவது பலகை இருந்தது.

அதைச் சுழற்றி ஏச்சியின் தலைக்கு வீசினார். நான் பாய்ந்தேன். பலகை விளிம்பு என் கழுத்தெலும்பில் பட்டு, காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. அவர் இடைவெளி வழியாக உள்ளே ஓடி, தராசு மேஜையிலிருந்து இரண்டு கிலோக் கல்லை எடுத்தார். நான் ஒற்றைக் கையோடு அவர் மேல் விழுந்தேன். வனைகிற மண்ணில் வழுக்கி இருவரும் உருண்டோம். கல் என் காதை உரசிக்கொண்டு சுவரில் போய் மோத, ஒரு சட்டம் உடைந்து கண்ணாடி மழையாகக் கொட்டியது. அவர் ஒரு சில்லை எடுத்து என் தாடையில் இழுத்தார். நான் அவர் கட்டை விரலைக் கடித்தேன். எலும்பு வரைக்கும் கடித்தேன்.

அதற்குள் பதினைந்து பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அன்றைக்கு முதல்முறையாக யாரும் செருப்பைப் பற்றி யோசிக்கவில்லை. அவர் முகத்தில் மிதித்தார்கள், விலாவில் மிதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அவறான் உலக்கையைக் கொண்டு வரச் சொன்னான்.

ஏச்சி அவன் முன்னால் போய் நின்றார். "காலையில ஒருத்தன் கையை நொறுக்கினியே, அதுவும் இதே மாதிரி நிச்சயமாத்தானே இருந்துச்சு உனக்கு?"

அவறான் ஷமீலைப் பார்த்தான். வாசல்படியில் உட்கார்ந்து, நொறுங்கிய கையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தான் ஷமீல். அவறான் உலக்கையைச் சுவரில் சாத்தினான்.

சாத்துக்குட்டியைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஜீப் போனது. அவறானையும் ஏற்றிக்கொண்டது. அவன் தானாகவே ஏறினான்.

உடைந்தது என் தாளுடைய சட்டம்தான். ஏச்சி கண்ணாடித் தூளை உதறிவிட்டு அதை எடுத்து வந்து, ஷமீலுக்கும் எனக்கும் நடுவில் படியில் வைத்தார். ஆம்புலன்ஸ் வரக் காத்திருந்தோம். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தாள்ல அறுபத்தஞ்சு சனிக்கிழமை இருக்கு. கடைசி ஒண்ணைத்தானே நீ கொடுக்கல?"

"ஆமா."

"அறுபத்திநாலு நூறு, ஆறாயிரத்து நானூறு. மிச்சம் பதினேழரை ரூபா. அதுதான் உன் பாக்கி."

ஷமீல் அந்தத் தாளையே பார்த்தான். அவன் வாப்பாவின் எழுத்து. "உங்க பேச்சு வந்தா வாப்பா எழுந்து போயிடுவார், பரங்கோடேட்டா. கடைசி வரைக்கும்."

நான் நல்ல கையால் இடுப்பைத் துழாவி இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தேன். ரத்தம் பட்டிருந்தது. அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான். உடனே சட்டைப்பையைத் தடவினான்.

"ரெண்டரை ரூபா சில்லறை இல்லையே."

"உன் வாப்பா மிட்டாய் கொடுப்பார்."

அவன் எழுந்து உள்ளே போனான். சாய்ந்து சாய்ந்துதான் போனான். மிட்டாய் ஜாடியில் இப்போது ஜிதினின் பென்சில்கள் இருந்தன. சிவப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தான்.

பெயரைத் தொடாமல், பாக்கியின் மேல் மட்டும் ஒரு கோடு இழுத்தேன். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.